பழைய போளைகளுக்குப் பளபளப்பு ஏற்றப் போய்க் கெடுத்துக்கொள்ளும் விதங்கள்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பால்மாப் பேணி நிறைய மாமாவின் போளைகள் கிடந்தன. தமிழ்நாட்டார் கோலிக்குண்டு என்பதைத்தான் நாங்கள் போளை என்கிறோம். அழுக்குக் கழலட்டும் என்று கொதிநீரில் போட்டேன். எடுக்கப் போனால் கை சுட்டது. ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டேன். டிக், டிக் என்று சத்தம். ஒன்பது போளைகளின் வயிற்றுக்குள் வெள்ளை நரம்பு ஓடிவிட்டது.

கண்ணாடி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். மேற்பரப்பு சட்டென்று குளிர்ந்து சுருங்கும்போது உள்ளே இருப்பது இன்னும் விரிந்தபடியே நிற்கும். அந்த இழுபறியில் வெடிப்பு விழுகிறது. கன்னியா வெந்நீர்க் கிணற்றுச் சூடு, அதாவது உடம்பில் ஊற்றினால் இதமாக இருக்கிற சூடு, தாராளமாகப் போதும். கொஞ்சம் சவர்க்காரம், பழைய பற்தூரிகை ஒன்று. பாதிப் போளைகளுக்கு இதற்கு மேல் எந்த வைத்தியமும் தேவைப்படாது.

மங்கல் எல்லாம் ஒரே நோய் என்று எண்ணுவது அடுத்த தவறு. கிணற்று நீரின் சுண்ணாம்பு படிந்த வெள்ளைத் திரை வினாகிரியிலோ தேசிக்காய்ச் சாற்றிலோ ஊறினால் கரைந்துவிடும். கடற்கரையில் பொறுக்கிய போளையின் மங்கல் வேறு. அது அழுக்கே அல்ல, மணல் உரசிய நுண்ணிய பள்ளங்கள். தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். ஈரத்தில் தெளிந்து, காய்ந்ததும் மறுபடி மங்கினால் பள்ளங்கள்தான். நீர் அவற்றை நிரப்புவதால் ஒளி சிதறாமல் போகிறது, அவ்வளவே. தேங்காயெண்ணெய் ஒளியை வளைக்கும் அளவு கண்ணாடிக்கு இன்னும் நெருக்கம் என்பதால், எண்ணெய் பூசிய போளை புதிது போலவே தெரியும். விலை கொடுத்து வாங்குகிறவர்கள் துடைத்துப் பார்த்து வாங்கட்டும்.

பாத்திரம் விளக்குகிற பழக்கத்தில் மணலை எடுத்துத் தேய்ப்பவர்கள் உண்டு. மோஸ் அளவுகோலில் சாதாரணக் கண்ணாடியின் கடினம் ஏறக்குறைய 5.5, மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. எங்கள் கரையோரப் புல்மோட்டையின் கனிம மணலில் இருக்கும் சிர்க்கோன் என்ற கனிமம் அதற்கும் மேல். ஒரு பிடி மணல் போதும், போளை குருடாகிவிடும். வேடிக்கை என்னவென்றால், அதே புல்மோட்டை மணலில் சிறிதளவு மொனசைட்டு என்ற கனிமமும் உண்டு. அதில் சீரியம் என்ற உலோகம் இருக்கிறது. கண்ணாடிக்கு மெருகேற்ற மிகச் சிறந்த பொடி சீரியம் ஒக்சைட்டுத்தான். அதற்காக யாரும் புல்மோட்டைக்கு வாளியோடு பஸ் ஏற வேண்டாம். பிரித்தெடுப்பது தொழிற்சாலை வேலை.

பற்பசை கீறலைப் போக்காது, கைவலிதான் மிச்சம். துரு நீக்கும் திரவங்கள் சிலவற்றில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் இருக்கும். அது கண்ணாடியைத் தின்னும். தோலுக்குள் இறங்கி எலும்பு வரை போகும். அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

இனி, மெருகேற்றுவதையே சுத்தம் செய்வதாக நினைக்கிற பெரிய தவறு. மெருகு என்பது கண்ணாடியைச் செதுக்கி எடுப்பது. இரண்டு போளைகள் மோதியதில் விழுந்த பிறைத் தழும்பு மேலே தெரிவதோடு நிற்பதில்லை. உள்ளே இறங்கிய வெடிப்பு அது. அதன் ஆழம் வரை முழு உருண்டையையும் தேய்க்க வேண்டும். 16 மில்லிமீற்றர் போளையில் சுற்றிலும் அரை மில்லிமீற்றர் எடுத்தால் ஏறக்குறைய 18 சதவீதக் கண்ணாடி போய்விடும். வண்ணக் கோடுகள் மேற்பரப்பை ஒட்டி ஓடினால் அவையும் கூடவே போகும்.

ஜெர்மனியின் லவுஷா ஊரில் 19ஆம் நூற்றாண்டில் கண்ணாடிக் கோலிலிருந்து கத்தரித்து உருட்டிய கைவேலைப் போளைகளின் முனைகளில் ஒரு சொரசொரப்பு இருக்கும். புதியவர்கள் அதைச் சேதம் என்று தேய்த்துவிடுகிறார்கள். அது கோலிலிருந்து அறுத்த இடம், போளையின் தொப்புள். சேகரிப்பவர்கள் முதலில் தேடுவதே அதைத்தான். தேய்த்தால் விலையும் கூடவே தேயும்.

இத்தனைக்குப் பிறகும் தேய்த்தே தீர வேண்டும் என்றால், தட்டையான பலகையில் தேய்க்காதீர்கள், உருண்டை பட்டையாகிவிடும். போளையைவிட ஒடுங்கிய குழாய்த் துண்டின் வாயில் வைத்து, எல்லாத் திசையிலும் திருப்பித் திருப்பித் தேய்க்க வேண்டும். எப்போதும் ஈரமாக, உலர்ந்த கண்ணாடித் தூள் நெஞ்சுக்கு ஆகாது. தேய்ப்புப் பொடியின் இலக்கம் கூடக்கூட அது நயமாகும்; 400, 600, 1000 என்று பொடியை நயமாக்கிக்கொண்டே போகும்போது ஒவ்வொரு மாற்றத்திலும் போளை, குழாய், கை, நகக்கண் எல்லாவற்றையும் கழுவுங்கள். கரடுமுரடான ஒரு துகள் கடைசிக் கட்டத்தில் நுழைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். கடைசியில் கம்பளித் துணியில் நீர் குழைத்த சீரியம் ஒக்சைட்டு.

பழகுவதற்குப் பழைய சோடாப் போத்தல் போளை நல்லது. கோலமும் இல்லை, இழக்க ஒன்றும் இல்லை. நானோ வெடித்த ஒன்பதிலேயே பழகலாம் என்று புறப்பட்டேன். நரம்பு ஓடிய கண்ணாடி அழுத்தம் தாங்காது. மூன்றாவது போளை கையிலேயே பிளந்து விரலைக் கிழித்தது. மீதி ஆறும் பேணிக்கே திரும்பிவிட்டன.