மூளை பாதிச்சவங்க கூடிக் கதைக்க ஒரு இடம்: நாங்க செய்ற விதம்

எங்கட அண்ணாவுக்கு பைக் எக்சிடன்ட்ல தலையில அடி. காயமெல்லாம் ஆறிட்டுது, நடக்கிறார், சாப்பிடுறார், வர்றவங்க எல்லாம் "இப்ப நல்லாத்தானே இருக்கிறார்"னு சொல்லிட்டுப் போயிருவாங்க, ஆனா காலையில சொன்னது மத்தியானம் ஞாபகம் இல்ல, ஒரு பிளேட் விழுந்தாலே கத்துவார். அது எப்படி இருக்கும்னு பட்ட ஆளுக்குத்தான் விளங்கும், அதான் இப்படி ஆனவங்க கூடிக் கதைக்க ஒரு இடம். ஸ்ட்ரோக், மூளைக்காய்ச்சல், டியூமர் ஒபரேஷன்னு எதால வந்திருந்தாலும் களைப்பும் மறதியும் கோவமும் கிட்டத்தட்ட ஒண்டுதான், எல்லாரையும் சேர்த்துக்கோங்க.

ஆள் தேட கிளினிக் வாசல்ல காத்திருக்கிற குடும்பங்களோட கதைச்சாலே போதும். மூணு பேரோட தொடங்குங்க, ஆறுக்கு மேல வேணாம்.

இடத்திலதான் நாங்க முதல்ல பிழை விட்டது. கொழும்பில காலி வீதியை (Galle Road) பார்த்த ஹோல் ஒண்டு எடுத்தோம், பஸ் ஹோர்ன்லயே அரை மணித்தியாலத்தில எல்லாருக்கும் தலை வெடிக்கிற மாதிரி ஆகி ஒருத்தர் எழும்பிப் போயிட்டார். கடற்கரைப் பக்கம் மெரின் டிரைவ்ல காத்து நல்லம், ஆனா கோச்சி (ரயில்) சத்தம். இப்ப வெள்ளவத்தையில உள்ள ஒழுங்கையில ஒரு வீட்டு முன்ரூம், டீவி ஓஃப், டியூப் லைட்டும் ஓஃப். காலையில பத்து மணி, முக்கால் மணித்தியாலம், அவ்வளவுதான். பின்னேரம் வச்சா மூளை ஏற்கனவே களைச்சிருக்கும். கூடுறதுக்கு முதல் நாள் ஒருக்கா, அண்டைக்குக் காலையில ஒருக்கா கோல் எடுங்க, "நேத்தே சொன்னேனே"னு மட்டும் சொல்லாதீங்க.

பேரைப் பெரிசா எழுதி சட்டையில குத்துங்க, ஒவ்வொரு முறையும். ஒருத்தர் கதைக்கும்போது மத்தவங்க கேட்கணும், சொல்லு வராம தேடினா எடுத்துக் குடுக்காம காத்திருங்க, அவரே கேட்டா குடுங்க. ரெண்டு மூணு மொழி தெரிஞ்ச ஆளுக்கு ஸ்ட்ரோக்குக்குப் பிறகு ஒரு மொழி முந்தி, மத்தது பிந்தி வரலாம். எங்கட அங்கிள் ஒருத்தருக்கு சிங்களம்தான் முந்தி வந்தது, வீட்டில மனிசி அழுதாங்க, நாங்க சிங்களத்திலயே கதைச்சோம்.

அம்மாமாரையும் மனிசிமாரையும் பின்பக்கம் குசினியில பிளேன்டீயோட இருத்துங்க. பக்கத்தில இருந்தா இவருக்குக் கேட்ட கேள்விக்கு அவங்கதான் பதில் சொல்லுவாங்க, அதோட அவங்களுக்கும் அழ ஒரு இடம் வேணுமே.

மருந்துக் கதை வேணாம். "நான் வலிப்புக் குளிசையை விட்டுட்டேன், ஒண்டும் ஆகல"னு ஒருத்தர் சொன்னா உடனே அந்தக் கதையை நிப்பாட்டுங்க, குளிசையைச் சடார்னு விட்டா வலிப்பு வரலாம். யாருக்காவது வலிப்பு வந்தா சாவிக்கொத்தும் வேணாம், வாயில கரண்டியும் வேணாம், தலைக்குக் கீழ ஏதாவது மெத்துனு வச்சு, ஒரு பக்கம் சரிச்சு விட்டு நேரத்தைப் பாருங்க, அஞ்சு நிமிஷம் தாண்டினா 1990 அம்புலன்ஸுக்கு அடிங்க. வாய் கோணினா, கை விழுந்தா, பேச்சுக் குழறினா அது ஸ்ட்ரோக்கா இருக்கலாம், காத்திருக்கவே வேணாம், உடனே அடிங்க.

போகும்போது அடுத்த திகதியைத் துண்டில எழுதி சட்டைப் பொக்கெட்ல வைங்க. அண்ணாட பொக்கெட்ல இப்ப நாலு துண்டு இருக்கு, பழசை எறிய விடமாட்டார்.