தாளில் வரைந்து அறிவோம்: சிக்சுலுப் பள்ளத்தின் அடியில் பாறை எழுந்த விதம்

மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில், பாதி நிலத்திலும் பாதி கடலிலுமாகப் புதைந்து கிடக்கும் சிக்சுலுப் பள்ளம், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதியதால் உண்டானது. அதன் நடுவே மலைத்தொடர் போல வளைந்து செல்லும் உள்வளையத்தை 2016-ஆம் ஆண்டு அறிவியலாளர்கள் துளையிட்டபோது, ஒரு காலத்தில் 8 முதல் 10 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்த கருங்கல், கடல் தரைக்கு ஏறத்தாழ 750 மீட்டர் கீழேயே கிடைத்தது. அது எப்படி அவ்வளவு மேலே வந்தது என்பது, வாசிப்பதைவிட வரைந்து பார்த்தால் எளிதில் விளங்கும். ஓர் ஏ4 தாள், அளவுகோல், பென்சில், சிவப்புப் பேனா, அழிப்பான் ஆகியவை போதும். அழிப்பானுக்குத்தான் வேலை அதிகம்.

படி 1: மோதலுக்கு முன்

தாளைக் குறுக்காக வைத்து, 1 செ.மீ. என்பது 10 கி.மீ. என்று கொள்ளுங்கள். மேலே 5 செ.மீ. இடம் விட்டு நிலமட்டக் கோட்டை வரையுங்கள். அதற்குக் கீழே 3 மி.மீ. வரை சுண்ணாம்புக்கல் முதலான படிவுப் பாறைகள். அங்கிருந்து சுமார் 3.5 செ.மீ. ஆழம் வரை கருங்கல்லும் அதைப் போன்ற கடினப் பாறைகளும்; அதற்கும் கீழே மேன்டில் எனப்படும், புவி ஓட்டுக்கு அடியில் உள்ள பாறை அடுக்கு. விண்கல்லுக்கு 1.2 செ.மீ. அகல வட்டம் ஒன்று போதும். இனி, கருங்கல்லில் 1 செ.மீ. ஆழத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். மோதும் இடத்துக்கு நேர் கீழே வேண்டாம், அங்கிருந்த பாறை உருகியும் ஆவியாகியும் போய்விட்டது. சற்றுத் தள்ளி வையுங்கள். இந்தப் புள்ளியைத்தான் கடைசி வரை தொடரப் போகிறோம்.

படி 2: அதிர்ச்சி அலை

மோதிய இடத்திலிருந்து அரைவட்டங்களாக அலையை வரையுங்கள். அது கடக்கும்போது நம் புள்ளியின் மீது, வளிமண்டல அழுத்தத்தைப் போல ஒரு லட்சம் மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் ஒரு கணம் விழுகிறது. கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் படிகங்களுக்குள் இணையான நுண்கோடுகள் பதிவது அப்போதுதான். எரிமலையோ நிலநடுக்கமோ இத்தகைய கோடுகளை உண்டாக்குவதில்லை. அலை கடந்த பிறகும் பாறை நின்றுவிடாமல் கீழ்நோக்கியும் வெளிநோக்கியும் நகர்கிறது. புள்ளியை அழித்து, அவ்வாறே நகர்த்துங்கள்.

படி 3: தற்காலிகக் குழி

ஒரு நிமிடத்துக்குள் சுமார் 10 செ.மீ. அகலமும் 3 செ.மீ. ஆழமும் கொண்ட கிண்ணம் உருவாகிறது. தொடக்கநிலையில் பலரும் தவறுவது இங்கேதான்: கிண்ணத்தில் இருந்த பாறை முழுவதும் வெளியே வீசப்பட்டது என்று எண்ணிவிடுகிறார்கள். வீசப்பட்டது மேற்பகுதி 1 செ.மீ. அளவுக்குத்தான், மீதியெல்லாம் அழுந்தியும் பக்கவாட்டில் ஒதுங்கியும் நிற்கிறது. நம் புள்ளி இப்போது குழியின் சுவரில் இருக்கிறது.

படி 4: எழுச்சி

அழுத்திய ரப்பர் மீள்வது போலப் பாறை துள்ளி எழுந்தது என்று சொல்வது வழக்கம். அது சரியான விளக்கம் அன்று. இவ்வளவு ஆழமான குழியைத் தாங்கும் வலிமை பாறைக்கு இல்லாததால், புவியீர்ப்பின் கீழ் சுவர்கள் உள்ளே சரிகின்றன, அடித்தளம் மேலே தள்ளப்படுகிறது. உருகாத பாறை எப்படித் திரவம் போல ஓடும் என்ற கேள்விக்கு அமெரிக்கப் புவி இயற்பியலாளர் ஜே மெலோஷ் 1979-இல் ஒரு விடையை முன்வைத்தார். படியில் கோபுரமாக அளந்த அரிசி, மணிகளுக்கு இடையிலான உராய்வினால் அப்படியே நிற்கிறது. படியின் பக்கத்தில் தட்டினால் சரிந்து பரவுகிறது. அதுபோல, நொறுங்கிய பாறைத் துண்டுகளுக்கிடையே மோதலின் அதிர்வு ஓயாதிருக்கும் வரை உராய்வு தளர்ந்து, பாறைத்திரள் முழுவதும் ஓடுகிறது. அதிர்வு அடங்கியதும் மீண்டும் கல்லாகவே நிற்கிறது.

மூன்று நிமிட அளவில், நடுவில் நிலமட்டத்துக்கு மேல் 1 செ.மீ.க்கும் உயரமாக, அதாவது இமயத்தைவிட உயரமாக, ஒரு முகடு எழுகிறது. புள்ளியை உள்நோக்கியும் மேல்நோக்கியும் நகர்த்துங்கள். பெரிய பள்ளங்களின் நடுவே பாறை எழும் உயரம், விட்டத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்பது ஒரு தோராயக் கணக்கு. மகாராஷ்டிரத்தின் லோனார் பள்ளம் 1.8 கி.மீ. விட்டமே கொண்டது, அந்த அளவில் பாறையின் வலிமையே வென்றுவிடுவதால் அங்கு நடுமுகடு இல்லை.

படி 5: முகடு சரிதல்

அந்த முகடும் நிலைப்பதில்லை. அது வெளிநோக்கிச் சரிந்து, ஏற்கெனவே உள்ளே சரிந்து வந்த விளிம்புப் பாறைகளின் மேல் ஏறிப் படர்கிறது. மையத்திலிருந்து 4 செ.மீ. தொலைவில் இருபுறமும் ஒரு மேட்டை வரைந்து, நம் புள்ளியை அதில் சிவப்புப் பேனாவால் நிலையாகக் குறியுங்கள். மேட்டுக்கு அடியில் படிவுப் பாறைத் துண்டுகளையும் வரையுங்கள்: ஆழத்துக் கருங்கல் மேலே, மேற்பரப்புச் சுண்ணாம்புக்கல் கீழே என்று அடுக்கு தலைகீழாகிவிட்டது. நில அதிர்வு அலைகளைக் கொண்டு எடுத்த படங்களிலும், சரிந்த துண்டுகள் வளையத்தின் அடியில் இறங்கிச் செல்வது தெரிகிறது. இவை அனைத்தும் முடியச் சுமார் பத்து நிமிடங்களே ஆயின.

படி 6: சரிபார்த்தல்

துளை கடல் தரைக்குக் கீழே 1,335 மீட்டர் வரை சென்றது. முதல் 600 மீட்டர் அளவுக்குப் பின்னாளில் படிந்தவை. அடுத்த 130 மீட்டர் அளவுக்கு உருகி உறைந்த பாறையும் நொறுங்கல்களும். அதன் பிறகு பெரும்பாலும் கருங்கல். அந்தக் கருங்கல்லில் நுண்கோடிட்ட குவார்ட்ஸும் இருந்தது, குறுக்கும் நெடுக்குமாக வெட்டிய பிளவுகளும் இருந்தன. சாதாரணக் கருங்கல்லில் நுண்துளைகள் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இங்கே பத்துப் பங்கு அளவுக்கு இருந்ததால் கல் எடை குறைந்திருந்தது. இத்தனையையும் சொன்ன அந்தத் துளை, நம் தாளில் 1.3 மி.மீ. நீளக் கோடு, சிவப்புப் புள்ளியைச் சற்றே பெரிதாக வைத்திருந்தால் அதற்குள்ளேயே மறைந்துவிடும்.