எசமான் மலையேறிய பிறகு நாயைப் பார்த்துக்கொள்வது

தேனி மாவட்டத்துக் கம்பம் ஊரில் எங்கள் தெருக்காரர்கள் பலர் ஏலத்தோட்ட வேலைக்குக் கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளப் பக்கம் மலையேறுகிறவர்கள். சிலர் அங்குள்ள வண்டன்மேட்டிலேயே வாரக்கணக்கில் தங்கிவிடுவார்கள். அவர்களுடைய நாய்கள் என் திண்ணைக்கு வந்து சேரும்.

நாயை விட வருகிறவரிடம் முதலில் அவர் உடுத்திய கைலியைக் கேளுங்கள். வியர்வையும் ஏலக்காய் மணமும் ஏறியிருக்க வேண்டும். துவைத்துக் கொண்டுவந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். நாய் ஆளை அறிவது பெரும்பாலும் மூக்கால்தான். படுக்கும் இடத்தில் விரித்தால், சுற்றிச் சுற்றி வந்து, காலால் பறண்டிச் சுருட்டி, மடிப்புக்குள் மூக்கைப் புதைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கூப்பிடாதீர்கள், தடவாதீர்கள்.

முதல் நாள் சாப்பிடாமல் கிடக்கலாம். பதறிப்போய்க் கறிக்குழம்பு ஊற்றாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வெறுமனே வேகவைத்த, எலும்பில்லாத கோழியும் சோறும் போதும். தண்ணீரும் குடிக்கவில்லை என்றாலோ, மறுநாளும் தட்டைத் தொடவில்லை என்றாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தடுப்பூசி அட்டையை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் ஜீப்புகள் இறங்கும் நேரத்தில் வாசலுக்கு ஓடும். கட்டிப்போடுவது கொடுமை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நில்லுங்கள். டோக்கியோவில் ஹச்சிகோ என்ற நாய், 1925-இல் எசமான் இறந்த பிறகும் 1935-இல் தான் சாகும்வரை ஷிபுயா ரயில் நிலையத்துக்கு வந்துகொண்டிருந்ததாம். எங்கள் தெருவில் சொன்னால், இதில் என்ன அதிசயம் என்பார்கள்.

எசமான் திரும்பி வரும்போது கையில் இருக்கும் பையை நீங்கள் வாங்கிக்கொண்டு, அவரைத் தரையில் உட்காரச் சொல்லுங்கள். நிற்கிற ஆளைத் தள்ளிவிட்டுத்தான் கொஞ்சும்.