ஊட்டிப் பயணத்தை ஒரு நோட்டுக்குள் ஒட்டுவது எப்படி?

பயணக் குறிப்பேடு தொடங்க ஆசைப்படுகிறவர்களில் பலர் முதல் பக்கத்தைத் தாண்டுவதே இல்லை. விலை கொடுத்து நல்ல நோட்டாக வாங்கியாயிற்று, கிறுக்கிக் கெடுத்துவிடுவோமோ என்ற பயம். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு: முதலில் ஒட்டுங்கள், அப்புறம் வரையுங்கள். ஒரு பஸ் டிக்கெட்டை ஒட்டிவிட்டால் பக்கம் காலியாக இருக்காது, பயமும் பாதி போய்விடும். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறி ஊட்டி போய்ச் சுற்றும் பயணத்தை வைத்து, வரையவே வராது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கிளம்பும் முன்

ஏ5 அளவில், 150 ஜிஎஸ்எம்முக்கு (தாளின் கன அளவு) குறையாத தாள் கொண்ட நோட்டு போதும். மெல்லிய தாளில் வாட்டர் கலர் பின்பக்கம் ஊறிவிடும். 2பி பென்சில், தண்ணீர் பட்டால் கலையாத கறுப்புப் பேனா, க்ளூ ஸ்டிக், சின்னக் கத்தரிக்கோல், பிள்ளைகள் பயன்படுத்தும் கேக் வாட்டர் கலர் டப்பா. அவ்வளவுதான். புட்டியில் வரும் தண்ணிப் பசை வேண்டாம். தாள் சுருங்கும், மலை ஈரத்தில் சீக்கிரம் காயவும் செய்யாது. செல்லோ டேப் நாளடைவில் பழுத்து உதிரும் என்பதால் காகித மாஸ்கிங் டேப் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று நான்கு தாளுக்கு ஒன்றை, தையலோரம் விரல் அகலம் விட்டு வெட்டி எடுத்துவிடுங்கள். பின்னால் ஒட்டப்போகும் பொருள்களின் கனத்துக்கு அது இடம் கொடுக்கும். வெட்டிய தாளில் ஒன்றை மடித்து, பின் அட்டையில் மூன்று பக்கம் ஒட்டினால் பை தயார். மற்றவை வண்ணம் பழக உதவும்.

முதல் இரண்டு பக்கம்: பாதை

நோட்டை விரித்து, இடது கீழ் மூலையில் மேட்டுப்பாளையம், வலது மேல் மூலையில் ஊட்டி என்று புள்ளி வையுங்கள். முதலாவது கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், இரண்டாவது சுமார் 2,200 மீட்டர். 46 கிலோமீட்டர் பாதையில் 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். எல்லாவற்றையும் வரையப் போனால் ஜன்னலுக்கு வெளியே பார்க்க முடியாது. நிலையங்களை மட்டும் குறியுங்கள்: கல்லாறு, ஹில்குரோவ், ரன்னிமேடு, குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல். கல்லாறிலிருந்து குன்னூர் வரை கோட்டைச் செங்குத்தாக ஏற்றுங்கள். தண்டவாளத்துக்கு நடுவே பல் சட்டம் இருப்பது அந்தப் பகுதியில்தான். அங்கே எஞ்சின் வண்டியை இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது.

அந்தப் பல் சட்டம்தான் உங்கள் முதல் படம். ஹில்குரோவில் வண்டி நிற்கும்போது பாருங்கள்: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சட்டங்கள், ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம். எஞ்சினின் பற்சக்கரம் எப்போதும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்திருக்க இந்த ஏற்பாடு. ரம்பம் வரையத் தெரிந்தால் இதையும் வரையலாம். வண்டி ஓடும்போது எழுதினால் கோடு குலுங்கத்தான் செய்யும். அழிக்காதீர்கள், அதுவும் பயணத்தின் பதிவுதான்.

பொறுக்குவது

நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. அதனால் கைக்குக் காகிதம் நிறைய வரும். பழுப்புக் காகிதப் பை, வர்க்கி கட்டிய தாள், ஹோம்மேட் சாக்லேட்டின் ஜிகினா உறை, டீத்தூள் பாக்கெட்டின் முகப்பு, தைல பாட்டிலின் லேபிள், தாவரவியல் பூங்கா நுழைவுச்சீட்டு. சொந்த வண்டியில் வருபவர்கள் 2024 மே மாதம் முதல் கேட்கப்படும் இ-பாஸை அச்செடுத்து ஒட்டலாம். எனக்கு அழகான நினைவுச்சின்னங்களைவிட இந்த மாதிரி அலுவல் காகிதங்கள்தான் பிடிக்கும். அந்த வருடத்தைச் சரியாகக் காட்டுபவை அவைதான்.

எடுத்த உடனே பின்பக்கம் பென்சிலால் இடமும் தேதியும் எழுதிவிடுங்கள். இரவு அறைக்குப் போய் எழுதலாம் என்றால் எது எங்கே வாங்கியது என்று குழம்பும்.

பஸ்ஸில் மெஷின் கொடுக்கும் டிக்கெட் வெப்பத்தால் அச்சாகும் தாள். எழுத்து மெல்ல மங்கி வெள்ளையாகிவிடும். நகலெடுத்து ஒட்டுங்கள். முடியாவிட்டால் ஊர், கட்டணம், நேரம் மூன்றையும் பக்கத்தில் எழுதிவிட்டு அசலை ஒட்டுங்கள்.

இலை என்றால் சாலையோரத்தில் உதிர்ந்து கிடப்பவை மட்டும். யூகலிப்டஸின் இளம் இலை முட்டை வடிவில், சாம்பல் நீலத்தில் இருக்கும், முதிர்ந்த இலை அரிவாள் போல் வளைந்திருக்கும். இரண்டும் ஒரே மரத்தினுடையவை என்று பக்கத்தில் ஒட்டிக் காட்டலாம். தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் இலையின் அடிப்பக்கம் வெள்ளி நிறம், அதை மேலே வைத்து ஒட்டுங்கள். பூங்காவில் பூப் பறிக்கக் கூடாது. முதுமலைப் புலிகள் காப்பகப் பக்கம் போனால் இறகோ கொம்போ கல்லோ எதையும் தொடவே வேண்டாம், வரைந்துகொள்ளுங்கள். சேறு பட்ட குளம்புத் தடம் ஒன்று போதுமே, அருமையான பக்கமாகிவிடும்.

ஒட்டியதிலிருந்து வரைவது

பழுப்புப் பையைக் கையால் கிழியுங்கள், கத்தரிக்காதீர்கள். கிழிந்த விளிம்பு மலை முகடாகவே வரும். அதற்குப் பின்னால் வெளிர் நீலத்தில் ஒரு முகடு, அதற்கும் பின்னால் இன்னும் வெளிறிய ஒன்று. தூரம் போகப் போக நிறம் குறைய வேண்டும், மலை வரைய இந்த ஒரு விதி போதும். மேலே எண்ணெய் படாத பட்டர் பேப்பர் துண்டு ஒன்றை ஒட்டினால் மூடுபனி இறங்கிவிடும். வண்ணத்தில் மூடுபனி கொண்டுவர நினைத்தால் வேறு வித்தை இல்லை, அந்த இடத்தைத் தாளாகவே விட்டுவிட வேண்டும்.

தேயிலைத் தோட்டத்தைச் செடி செடியாக வரையத் தொடங்கினால் அலுத்துவிடும். பறிப்பவர்கள் நடக்கும் வழிகளை மட்டும் வளைகோடுகளாகப் போட்டு, நடுவே பச்சை பூசுங்கள். நிழல் பூச, டீக்கடையில் மிச்சமிருக்கும் பால் சேர்க்காத டிகாக்ஷன் நல்ல பழுப்பு தரும். ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்தது.

நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் எம்பிராய்டரியைப் பார்க்க நேர்ந்தால் கட்டம் போட்ட தாளில், சிவப்பும் கறுப்புமாக மட்டும், கட்டத்தை எண்ணி வரையுங்கள். அவர்களும் வரைபடம் இல்லாமல் வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணித்தான் தைக்கிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற கலை அது. அதனால் அலங்காரக் கரையாக எங்கும் போடாமல், யாருடைய வேலை என்று கீழே எழுதுங்கள்.

காயவைப்பது

ஊட்டியில் ஈரம் லேசில் போகாது. வண்ணம் பூசிய பக்கத்தை மூடாமல் நோட்டை விசிறியாக விரித்து நிறுத்துங்கள். இலைகளை நியூஸ் பேப்பருக்குள் வைத்துக் கனமான புத்தகத்தால் அழுத்தி, தாளை அவ்வப்போது மாற்றி, ஒன்றிரண்டு வாரம் கழித்து ஒட்டுங்கள். அதுவரை நோட்டில் அதன் இடத்தைப் பென்சிலால் கோடிட்டு வைத்தால் போதும். ஈர இலையை ஒட்டினால் பூஞ்சை பிடித்து எதிர்ப் பக்கத்தையும் கெடுக்கும்.

வீடு திரும்பியபின் நோட்டு உப்பி மூட மறுத்தால் அகலமான எலாஸ்டிக் துண்டு ஒன்றை வளையமாகத் தைத்து மாட்டுங்கள். ஷூ பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் பின் அட்டைப் பையில் போட்டு வைக்கலாம்.