ஏற்காட்டுக்கு ஓடி ஏறி, ஓடி இறங்க: மூன்று நாள் குழு ஓட்டத்துக்கான செய்முறை

ஏற்காடு மலைப்பாதையில் ஓடப் போகிறோம் என்றதும் எல்லாரும் ஏற்றத்தை நினைத்துத்தான் பயப்படுவார்கள். ஆனால் மூன்று நாள் ஓட்டத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இறக்கம். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டபடியே உடல் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது. அதில் தசையிழைகள் நுண்ணளவில் சேதமாகின்றன. வலி அன்றைக்குத் தெரியாது. 24 முதல் 72 மணி நேரத்துக்குள்தான் உச்சத்துக்குப் போகும். முதல் நாளே ஏறி இறங்கிவிட்டால் மூன்றாம் நாள் படிக்கட்டில்கூடக் கால் வைக்க முடியாது. அதனால் இந்தத் திட்டத்தில் பெரிய இறக்கம் கடைசி நாளுக்குப் போகிறது.

படி 1: பாதையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

முதல் நாள், அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏரி வரை. சுமார் 20 கி.மீ., 20 கொண்டை ஊசி வளைவுகள். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் மேலேயே இருங்கள். ஏரியிலிருந்து சேர்வராயன் கோயிலுக்குப் போய்த் திரும்பினால் 12 கி.மீ. அளவுக்கு வரும், ஏற்ற இறக்கமும் குறைவு. நாகலூர் பக்கம் சுற்றிவரும் 32 கி.மீ. லூப் ரோடு அழகானதுதான், ஆனால் முதல் முறை வேண்டாம். மூன்றாம் நாள் வந்த வழியே அடிவாரம்.

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். அக்டோபர், நவம்பர் மழையில் பாறை சரியும். மே மாதம் கோடை விழாக் கூட்டமும் வண்டிகளும் பாதையை அடைத்துக்கொள்ளும். முடிந்தால் வார நாட்களாகப் பாருங்கள்.

படி 2: பன்னிரண்டு வாரப் பயிற்சி

நிற்காமல் 10 கி.மீ. ஓட முடிகிறவர்களுக்கான கணக்கு இது. வாரத்துக்கு நான்கு நாள் ஓட்டம். அதில் சனி, ஞாயிறு இரண்டும் அடுத்தடுத்து இருக்க வேண்டும், ஏனென்றால் களைத்த காலோடு எழுந்து ஓடுவதுதான் இங்கே கற்க வேண்டிய பாடம். முதல் வாரம் சனி 8, ஞாயிறு 6 கி.மீ. என்று தொடங்கி, பத்தாம் வாரத்தில் 18, 14 வரை கொண்டுபோங்கள். மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். கடைசி இரண்டு வாரம் பாதி தூரம் போதும்.

இறக்கப் பயிற்சியை விடவே விடாதீர்கள். ஐந்தாம் வாரத்திலிருந்து பத்து நாளுக்கு ஒரு முறை அடிவாரத்திலிருந்து நாலைந்து வளைவு நடந்து ஏறி, மெதுவாக ஓடி இறங்குங்கள். முதல் தடவை தொடை நன்றாக வலிக்கும், அடுத்த தடவை பாதிகூட இருக்காது. ஒரு முறை இறக்கத்துக்குப் பழகிய தசை சில வாரங்களுக்குத் தாங்கும். கடைசி இறக்கப் பயிற்சிக்கும் ஓட்டத்துக்கும் இடையே பத்து நாளாவது இருக்கட்டும்.

படி 3: ஆட்கள், வண்டி, தண்ணீர்

ஆறு பேர் சரியான அளவு. இரண்டிரண்டு பேராக ஜோடி சேருங்கள், வேகம் ஒத்தவர்களாக. அனுபவம் உள்ள ஒருவர் கடைசி ஆளாக வர வேண்டும், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. வளைவுகளில் எண் பலகை இருப்பது பெரிய வசதி: ஐந்து வளைவுக்கு ஒரு முறை எல்லாரும் ஒன்றுசேர வேண்டும் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் சிக்னல் கிடைக்காது, ஆகவே போனை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஒரு வண்டி கூடவே வரட்டும். ஆளுக்கு மணிக்கு 500 முதல் 700 மி.லி. தண்ணீர், மூன்றரை மணி நேரம், ஆறு பேர் என்றால் 13 லிட்டர் அளவுக்கு வரும். ஒரு 20 லிட்டர் கேன் போதும். ஆளுக்கொரு சொந்த பாட்டில் கொண்டுவந்து நிரப்பிக்கொண்டால் மலையில் பிளாஸ்டிக் சேராது. தாகம் இல்லாமல் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறையும். தலைவலி, குமட்டல், குழப்பம் வரும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வைத்திருங்கள், உறையில் போட்ட அளவுத் தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும்.

சாப்பாடு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் 25 கிராம் இருக்கும். கூடவே பேரீச்சை, கொஞ்சம் கடலை மிட்டாய். பசிப்பதற்கு முன்பே, முதல் 40 நிமிடத்திலேயே தொடங்குங்கள்.

படி 4: முதல் நாள்

வெளிச்சம் வந்த பிறகே கிளம்புங்கள். இந்த மலையில் காட்டெருமைகள் உண்டு, இருட்டில் எதிர்ப்பட்டால் ஆபத்து. குரங்குகள் கையில் இருப்பதைப் பறிக்கும். பழத்தை வண்டிக்குப் பக்கத்தில் நின்று சாப்பிடுங்கள்.

எதிரே வரும் வண்டி தெரியும்படி வலப்பக்கம் ஓடுவது வழக்கம். கொண்டை ஊசி வளைவின் உட்புறத்தில் மட்டும் ஓட்டுநருக்கு உங்களைத் தெரியாது. வளைவுக்கு 30, 40 மீட்டர் முன்னாலேயே வெளிப்புறத்துக்கு மாறிவிடுங்கள். பனிமூட்டத்துக்கு மினுக்கும் விளக்கு, ஒளிரும் சட்டை இரண்டும் வேண்டும்.

மூன்று நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. பக்கத்தில் இருப்பவரோடு முழு வாக்கியமாகப் பேச முடியாவிட்டால் வேகம் அதிகம். எல்லாரும் சறுக்குவது முதல் ஐந்து வளைவில்தான். காலைக் குளிரில் கால் தானாக ஓடும், பன்னிரண்டாம் வளைவில் அதற்கு வட்டி கட்ட வேண்டியிருக்கும். மேலே கீழ்நாட்டைவிட ஏழெட்டு டிகிரி குளிர் கூடுதல். நனைந்த சட்டையோடு நிற்காமல் உடனே மாற்றுங்கள்.

படி 5: இரவும் காலையும்

சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நாலு இட்லி, இரண்டு முட்டை, அல்லது பொங்கல். இரவு சோறு, பருப்பு. எட்டு மணி நேரத் தூக்கம். காலையும் விரலிடுக்கையும் கழுவித் துடைத்து, சிவந்த இடத்தில் அன்றைக்கே டேப் ஒட்டுங்கள். கொப்புளம் வந்தபின் ஒட்டினால் பாதிப் பயன்தான். தொடையிடுக்கு, அக்குளில் மறுநாள் காலை வாஸ்லைன்.

காலையில் பத்துப் படி இறங்கிப் பாருங்கள். பக்கவாட்டில் திரும்பித்தான் இறங்க முடிகிறது என்றால் அன்று நடை மட்டும். யாருக்காவது மூட்டில் ஒரே இடத்தில் குத்துகிறதா, வீங்கியிருக்கிறதா, அவர் வண்டியில் வரட்டும். வலிக்கு ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரை போட்டுக்கொண்டு ஓடவே கூடாது. நீர் வற்றிய உடலில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனை, தேவைப்பட்டால் 108.

படி 6: இறக்கம்

ஷூவில் பெருவிரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டுங்கள், இல்லாவிட்டால் நகம் கறுத்துவிடும். கணுக்கால் பக்கம் உள்ள கடைசி ஓட்டையிலும் லேஸைக் கோத்து இறுக்கினால் பாதம் முன்னால் சறுக்காது.

பின்னால் சாய்ந்து குதிகாலால் பிரேக் போடாதீர்கள். அந்த அதிர்வு முழுக்க முழங்காலுக்கும் முன்தொடைக்கும் போகும். முழங்காலை லேசாக மடக்கி, சின்னச் சின்ன அடிகளாக, சத்தம் வராமல் இறங்குங்கள். பாதம் பட்டபட்டென்று அடிக்கிற சத்தம் கேட்டால் நடைக்கு மாறுங்கள். ஐந்து நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை போதும். இன்று மெதுவான ஆள்தான் முன்னால் போக வேண்டும், வேகமான ஜோடி பின்னால். இறக்கத்தில் துரத்திப் பிடிக்க நினைப்பவர்தான் விழுகிறார்.

அடிவாரத்தில் உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் நடங்கள். இரண்டு நாளாகத் தள்ளிப்போட்ட சேலத்துத் தின்பண்டமான தட்டுவடை செட்டை அன்று மாலை சாப்பிடலாம். பச்சை வெங்காயமும் காரச் சட்னியும் ஓட்டத்துக்கு நடுவே வயிற்றைக் கலக்கும் என்பதால்தான் அந்தத் தடை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை கல்லாக இருக்கும். அழுத்தமான மசாஜ் வேண்டாம், 20 நிமிட நடை போதும். படி இறங்கும்போது வலி சுத்தமாக விட்ட பிறகு, ஒரு வாரம் கழித்து, சமதரையில் 4 கி.மீ. ஓடிப் பாருங்கள்.