லேப்டாப்பில் புதிதாக ஓஎஸ் போடும்போது எங்கெல்லாம் நிதானிக்க வேண்டும்

அக்கா மகள் சேலத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்தபோது எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கினோம். ஏதோ ஒரு கம்பெனி நாலைந்து வருடம் ஓட்டிவிட்டுக் கழித்த மாடல், கீபோர்டு அருமை, விண்டோஸும் போட்டே கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அதை முழுக்கத் துடைத்துவிட்டு நாமே புதிதாகப் போடலாம் என்றேன். "ஏன் மாமா, அதான் நல்லா ஓடுதே?" என்று கேட்டாள். யார் போட்டது, கூடவே எதைச் சேர்த்துப் போட்டது என்று தெரியாத ஓஎஸ்ஸில் (விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டும் அடிப்படை மென்பொருள்) பேங்க் பாஸ்வேர்டை அடிக்கக் கூடாது, காரணம் அவ்வளவுதான்.

அல்சூரில் எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் வைத்து ஆரம்பித்தபோது அவள் கேட்ட அடுத்த கேள்வி: "எல்லாத்துக்கும் நெக்ஸ்ட் கொடுத்தா போதும்தானே?" பாதித் திரைகளுக்குப் போதும். ஆனால் ஐந்தாறு இடங்களில் நாம் கொடுக்கும் பதில், அடுத்த முறை ஃபார்மட் அடிக்கும் வரை மாறாது. எங்கே யோசிக்காமல் போகலாம், எங்கே கையை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் படிக்க வேண்டும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் எந்த ஓஎஸ் என்று முடிவு செய்யுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அதனால் அதைப் புதிதாகப் போடுவதில் அர்த்தமில்லை. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகக் கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை பிராசஸர் அல்லது அதற்கு மேல். தலைமுறையை மாடல் எண்ணிலேயே பார்க்கலாம்: ஐ5-8250யு என்றால் 8-ஆம் தலைமுறை, ஐ5-6300யு என்றால் 6. செகண்ட் ஹேண்ட் கடைகளில் மலிவாகக் கிடைப்பதில் பல 6, 7-ஆம் தலைமுறைதான், எனவே காசு கொடுப்பதற்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள். ரூஃபஸ் என்ற மென்பொருள் இந்தச் சோதனைகளைத் தாண்டிப் போக வழி கொடுக்கிறது, ஆனால் தினமும் வேலைக்கு நம்பியிருக்கும் ஒரே லேப்டாப்பில் நான் அதைச் செய்ய மாட்டேன், பெரிய அப்டேட் வரும்போது என்ன ஆகும் என்று ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டிருக்க வேண்டும். பழைய மெஷின் என்றால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் போடுங்கள். டேலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், மேக்ரோ நிறைந்த எக்செல் இதெல்லாம் வேண்டும் என்றால் விண்டோஸ்தான் சரி.

இந்த ஊருக்கென்றே ஒரு எச்சரிக்கை. அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் கை வைக்காதீர்கள், அது உங்களுடையது அல்ல. அப்புறம், கம்பெனி கழித்த லேப்டாப்பை வாங்குகிறீர்கள் என்றால், புதிதாகப் போட்ட விண்டோஸ் முதல் முறை இணையத்தில் சேரும்போது பழைய கம்பெனியின் பெயரைக் காட்டி அவர்கள் மின்னஞ்சலைக் கேட்கிறதா என்று பாருங்கள். அந்தப் பதிவு மைக்ரோசாஃப்ட்டின் சர்வரில் மெஷினின் ஹார்டுவேர் அடையாளத்தோடு சேர்ந்து கிடக்கிறது, எத்தனை தடவை ஃபார்மட் அடித்தாலும் திரும்ப வரும். அதை அந்தக் கம்பெனிதான் நீக்க முடியும். பயாஸுக்குள் (மெஷினின் அடிப்படை அமைப்புத் திரை) போகப் பாஸ்வேர்டு கேட்டாலும் அதே கதை. கடையிலேயே திருப்பிக் கொடுத்து வேறு வாங்குங்கள்.

பேக்கப் பற்றி எல்லோருக்கும் தெரியும், ஆனால் எல்லோரும் விடுவது சில பொருள்கள்தான்: டேலியின் டேட்டா ஃபோல்டர், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், அவுட்லுக் மின்னஞ்சல்களைச் சேர்த்து வைக்கும் பிஎஸ்டி ஃபைல், வீட்டில் யாராவது பத்திரிகை அடிக்கும் வேலை செய்தால் பாமினி மாதிரியான பழைய தமிழ் ஃபான்ட்கள். அந்த ஃபான்ட் இல்லாமல் பழைய ஃபைலைத் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும். லேப்டாப்போடு ஆஃபீஸ் வந்திருந்தால் அது எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவானது என்பதையும் குறித்து வையுங்கள்.

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூல் அதில் எல்லாவற்றையும் எழுதிவிடும், பென்டிரைவில் இருப்பது அழியும். டெலிகிராமில் கிடைக்கும் 'லைட்' விண்டோஸ் வேண்டாம், யார் கை வைத்தது என்று தெரியாததால்தானே இவ்வளவும் செய்கிறோம். மெஷினை ஆன் செய்தவுடன் டெல், லெனோவோ என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9, ஆசுஸ் என்றால் எஸ்கேப், இவற்றில் ஒன்றை விடாமல் தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனு வரும், அதில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். சார்ஜர் செருகியே இருக்கட்டும். செகண்ட் ஹேண்ட் பேட்டரியை நம்பி, கரண்ட் போய்ப் போய் வரும் கோடைகால மாலையில் ஆரம்பிக்காதீர்கள்.

முதல் திரையில் மொழி, நேர வடிவம், கீபோர்டு. நேர வடிவத்துக்கு இங்கிலீஷ் இந்தியா கொடுத்தால் தேதி நம் வழக்கப்படி நாள், மாதம், வருடம் என்று வரும், ரூபாய்க் குறியும் சரியாக வரும். கீபோர்டில் கொஞ்சம் கவனம்: நம் ஊர் லேப்டாப்களில் 2-க்கு மேலேதான் அட் குறி இருக்கும், அதற்கு யுனைடெட் ஸ்டேட்ஸ் அல்லது இந்தியா லேஅவுட் சரி. தெரியாமல் யுனைடெட் கிங்டம் கொடுத்துவிட்டால் அட் குறியும் மேற்கோள் குறியும் இடம் மாறிவிடும், சரியான பாஸ்வேர்டை அடித்தும் தப்பு என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

அடுத்து ப்ராடக்ட் கீ கேட்டால் பதற வேண்டாம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்பட்ட லேப்டாப்களில் கீ மதர்போர்டிலேயே இருக்கிறது. 'ஐ டோன்ட் ஹேவ் எ ப்ராடக்ட் கீ' என்று கொடுத்து, முன்பு என்ன பதிப்பு இருந்ததோ அதையே தேர்ந்தெடுங்கள். ஹோம் இருந்த மெஷினில் ஆசைப்பட்டு ப்ரோ போட்டால் ஆக்டிவேட் ஆகாது. நம் நாட்டில் நிறைய லேப்டாப்களில் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் வருகிறது, அதில் திரையின் மொழி நிறுவும்போது எதைக் கொடுத்தோமோ அதுதான். தமிழில் டைப் செய்வதற்கு அதனால் எந்தத் தடையும் இல்லை.

இப்போது எல்லாவற்றையும்விட முக்கியமான திரை, டிஸ்க் பட்டியல். இங்கே சி, டி என்ற எழுத்துகள் இருக்காது, டிஸ்க் 0 பார்ட்டிஷன் 1, பார்ட்டிஷன் 2 என்றுதான் காட்டும் (பார்ட்டிஷன் என்றால் டிஸ்க்கின் ஒரு பிரிவு). சில வருடங்களுக்கு முன் பேக்கப் எடுத்த வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றாமல் நான் வேலையைத் தொடங்கிவிட்டேன். பட்டியலில் இரண்டு டிஸ்க், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. தப்பான டிஸ்க்கில் டெலீட் கொடுத்துவிட்டேன். அக்காவின் சீமந்தப் படங்கள் அதில்தான் இருந்தன, கொஞ்சம்தான் மீண்டது. இன்றைக்கும் அந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு மனது கஷ்டமாகத்தான் இருக்கும். எனவே, பென்டிரைவைத் தவிர வெளியே செருகியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு டிஸ்க்கின் அளவையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு இந்தத் திரைக்கு வாருங்கள்.

எதையும் மிச்சம் வைக்க வேண்டியதில்லை என்றால், உள்ளே இருக்கும் டிஸ்க்கின் எல்லாப் பார்ட்டிஷன்களையும் டெலீட் செய்து, ஒரே 'அன்அலோகேட்டட் ஸ்பேஸ்' ஆனதும் அதைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் கொடுங்கள். பூட்டுக்குத் தேவையான சின்னச் சின்னப் பார்ட்டிஷன்களை விண்டோஸே போட்டுக்கொள்ளும். மாறாக, டி டிரைவைக் காப்பாற்ற வேண்டும் என்றால் அதைத் தொடாதீர்கள், பழைய விண்டோஸ் இருந்ததை மட்டும் நீக்குங்கள். டி என்க்ரிப்ட் ஆகியிருந்தால் (அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியிருந்தால்) அதன் 48 இலக்க ரிகவரி கீயை முன்னாடியே எடுத்து வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஃபைல்கள் அங்கேயே இருக்கும், திறக்கத்தான் முடியாது.

டிஸ்க்கைப் பிரிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 256 ஜிபி எஸ்எஸ்டி என்றால் பிரிக்காதீர்கள். சி-க்கு 80 ஜிபி கொடுத்துவிட்டு ஒரு வருடத்தில் சிவப்புக் கோடு வந்து நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், டி பாதி காலியாகக் கிடக்கும். 512 என்றால் சி-க்கு 200 வைத்துவிட்டு மீதியை டி ஆக்கலாம், அடுத்த ஃபார்மட்டில் டி பிழைக்கும். ஆனால் எஸ்எஸ்டியே போய்விட்டால் இரண்டும் சேர்ந்துதான் போகும், டி என்பது பேக்கப் அல்ல.

பட்டியலில் டிஸ்க்கே காணவில்லையா? 11-ஆம் தலைமுறை இன்டெல்லிலிருந்து வந்த மெஷின்களில் இது அடிக்கடி நடக்கிறது. எஸ்எஸ்டி கெட்டுப் போகவில்லை, பயாஸில் விஎம்டி என்ற இன்டெல்லின் டிஸ்க் நிர்வாக அமைப்பு ஆன் ஆகியிருப்பதால் இன்ஸ்டாலருக்கு அது தெரியவில்லை. லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கிப் பென்டிரைவில் போட்டு 'லோட் டிரைவர்' கொடுங்கள், அல்லது எல்லாவற்றையும் துடைக்கத்தான் போகிறீர்கள் என்றால் விஎம்டியை ஆஃப் செய்துவிடுங்கள்.

காப்பி ஆகி ரீஸ்டார்ட் ஆனதும் இணையம் கேட்கும். வைஃபை பட்டியல் காலியாக இருந்தால் ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள், பெரும்பாலும் நகர்ந்துவிடும். பிறகு மைக்ரோசாஃப்ட் கணக்கு. அதில் நுழைந்தால் உங்கள் யூசர் ஃபோல்டருக்கு மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்தைத்தான் பெயராக வைக்கும். ஆங்கிலத்தில் தமிழ்ச்செல்வி என்று தொடங்கும் மின்னஞ்சல் என்றால் 'தமிழ்' என்று நன்றாகவே நிற்கும், சண்முகப்பிரியாவுக்கு அந்த அதிர்ஷ்டம் கிடையாது. பின்னால் அதை மாற்றுவது பெரிய தலைவலி. பென்டிரைவை ரூஃபஸில் எழுதினால் லோக்கல் கணக்கு ஒன்றை நாம் விரும்பும் பெயரில் முதலிலேயே உருவாக்கச் சொல்லலாம், உள்ளே போன பிறகு மைக்ரோசாஃப்ட் கணக்கைச் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். பெயரை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். தமிழ் எழுத்தில் வைத்தால் சில மென்பொருள்கள் அந்த ஃபோல்டரின் பாதையைப் படிக்க முடியாமல் நின்றுவிடுகின்றன.

கணக்கைச் சேர்த்ததும் புதிய விண்டோஸ் 11 தானாகவே டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்யத் தொடங்கும், ரிகவரி கீ அந்தக் கணக்கில் போய்ச் சேரும். அதை ஆஃப் செய்யாதீர்கள் என்பேன். பிஜியில் தங்கி, பஸ்ஸிலும் மெட்ரோவிலும் தினமும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகிற பெண்ணுக்கு அது திருடு போனாலும் படங்களும் ஆவணங்களும் அடுத்தவர் கைக்குப் போகாது. ஆனால் ஒரு நிபந்தனை: அன்றே அந்த 48 இலக்கங்களைத் தாளில் எழுதி, சேலத்து வீட்டுப் பீரோவில் வைக்கச் சொன்னேன். லேப்டாப் பையில் அல்ல.

பிரைவசித் திரையில் ஃபைண்ட் மை டிவைஸ் மட்டும் ஆன், அதற்கு லொகேஷனும் வேண்டும், மற்றதெல்லாம் ஆஃப். ஒன்டிரைவ் உங்கள் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் பேக்கப் எடுக்கவா என்று கேட்டால் யோசித்துச் சொல்லுங்கள். இலவச இடம் 5 ஜிபிதான், போன் படங்களைக் கொட்டினால் ஒரே வாரத்தில் நிரம்பி எச்சரிக்கை வர ஆரம்பிக்கும்.

லினக்ஸ் மின்ட் போடுபவர்களுக்குச் சுருக்கமாக. பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து வைஃபை, சத்தம், மூடித் திறந்தால் எழுகிறதா என்று சோதித்துவிட்டு இன்ஸ்டால் கொடுங்கள். மல்டிமீடியா கோடெக் டிக்கைப் போடுங்கள். செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பு) ஆன் ஆகியிருந்தால் அங்கே ஒரு பாஸ்வேர்டு கேட்கும், அடுத்த பூட்டில் நீலத் திரையில் 'என்ரோல் எம்ஓகே' என்று வரும்போது அதையே கொடுக்க வேண்டும், கவனிக்காமல் விட்டால் சில டிரைவர்கள் வேலை செய்யாது. நேர மண்டலத்தில் பெங்களூரையோ சென்னையையோ தேடாதீர்கள், கொல்கத்தாதான். விண்டோஸோடு சேர்த்துப் போட்டால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தள்ளி நிற்கலாம், ஒன்று உள்ளூர் நேரத்தையும் மற்றது உலக நேரத்தையும் மெஷினில் எழுதுவதுதான் காரணம். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு.

எல்லாம் முடிந்ததும் விண்டோஸ் அப்டேட்டை மறுபடி மறுபடி கொடுங்கள், இனி எதுவும் இல்லை என்று சொல்லும் வரை. டச்பேட், கைரேகை இரண்டும் சரியாக இல்லையென்றால் மட்டும் லேப்டாப் கம்பெனியின் தளத்துக்குப் போங்கள். அப்புறம் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துக் கீபோர்டாகத் தமிழ்99 எடுத்துக்கொள்ளுங்கள், 1999-லேயே தமிழக அரசு ஏற்ற அமைப்பு, பழக ஒரு வாரம் போதும். அக்கா மகளுக்குப் பொறுமை இல்லை, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாகும் ஃபொனெடிக் கீபோர்டைத்தான் வைத்துக்கொண்டாள். இரண்டும் விண்டோஸிலேயே இருக்கின்றன, தனியாக எதையும் இறக்க வேண்டியதில்லை.