பல்லிக் காலில் பசை இல்லை

ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகப் போயிருந்தேன். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தெர்மாகோலில் ஒரு முழ நீளத்துக்குப் பல்லிக் கால் செய்து, அடியில் ஃபெவிகால் தடவி வைத்திருந்தாள். "இதைப் பார்த்துத்தான் சார் ஆபரேஷனுக்குத் தையல் போடாம ஒட்டுற பிளாஸ்திரி கண்டுபிடிச்சாங்க" என்றாள். "அப்போ பல்லி நடந்த சுவரெல்லாம் பிசுபிசுன்னு இருக்கணுமே?" என்றேன். கொஞ்சம் யோசித்தாள். "இல்ல சார். எச்சம்தான் இருக்கும்."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. உயிரினங்களைப் பார்த்து மருத்துவக் கருவி செய்யும் ஆராய்ச்சி பற்றித் தமிழில் வரும் செய்திகளில் பலவும் இந்த ரகம்தான். நானும் அப்படி எழுதியவன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் பல்லி. அதன் பாதத்தில் பசையும் கிடையாது, உறிஞ்சிப் பிடிக்கும் கிண்ணமும் கிடையாது. டோக்கே என்ற பெரிய பல்லியின் ஒரு பாதத்தில் சுமார் 5 லட்சம் நுண்மயிர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மயிரின் நுனியும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்து தட்டையாக முடிகிறது. அமெரிக்காவில் கெல்லர் ஆட்டம் என்பவரின் குழு ஒற்றை மயிரை மட்டும் தனியே எடுத்து, அது எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது என்று 2000-ல் அளந்து காட்டியது. இரண்டு பரப்புகள் மிக மிக நெருங்கும்போது மூலக்கூறுகளுக்கு இடையே தோன்றும் வான் டெர் வால்ஸ் விசைதான் காரணம் என்பதை 2002-ல் உறுதிப்படுத்தினார்கள். தனியாக எடுத்தால் அற்ப விசை. லட்சக்கணக்கில் சேரும்போது பல்லி கூரையில் தலைகீழாக நிற்கிறது.

இதைப் படித்ததும் 'அதே மாதிரி மயிர் செய்து உடம்புக்குள் ஒட்டிவிட வேண்டியதுதானே' என்று தோன்றும். உருவத்தை நகலெடுத்தால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இந்தத் துறையில் ஆகப் பெரிய தவறு. சுவர் காய்ந்திருக்கும், குடல் காய்ந்திருக்காது. ரத்தமும் நிணநீரும் ஊறும் இடத்தில் வெறும் நுண்தூண்கள் வழுக்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ராபர்ட் லாங்கர், ஜெஃப்ரி கார்ப் குழுவினர் 2008-ல் பல்லியைப் பார்த்து ஒரு மருத்துவ நாடா செய்தபோது, உடம்பிலேயே கரையக்கூடிய ரப்பர் போன்ற பொருளில் நுண்தூண்களை வார்த்தார்கள். அதோடு விடவில்லை. திசுவின் புரதங்களோடு வேதிப்பிணைப்பு போடுகிற, டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரையிலிருந்து செய்த ஒரு பூச்சையும் மேலே பூசினார்கள். ஆக, பல்லிக்குப் பசை இல்லை, பல்லியைப் பார்த்துச் செய்த நாடாவுக்கு உண்டு! அந்த மாணவியின் ஃபெவிகால் பாதி சரி என்று வீடு திரும்பும்போதுதான் எனக்கே உறைத்தது.

இனி என் கதை. இதே கார்ப் குழு 2012-ல் முள்ளம்பன்றி முள்ளை ஆராய்ந்தது. முள்ளின் நுனியில் சில மில்லிமீட்டர் தூரத்துக்குப் பின்னோக்கிச் சாய்ந்த நுண்கொக்கிகள் இருக்கின்றன. அவை முள்ளைச் சுலபமாக உள்ளே இறக்கிவிடும். வெளியே எடுக்கத்தான் படாத பாடு படுத்தும். வலியில்லாத ஊசிக்கும், பிடித்தால் விடாத மருத்துவ ஒட்டுக்கும் இதில் வழி இருக்கிறது. ஆர்வத்தோடு எழுதி, நம்மூர் முள்ளம்பன்றிப் படத்தையும் போட்டேன். மலையடிவாரத்து வாசகர் ஒருவர் ஒரே வரி எழுதினார்: "எங்க ஊர் முள்ளுல கொக்கியைக் காணோமே அய்யா." உண்மைதான். கொக்கி இருப்பது மரமேறும் வட அமெரிக்க முள்ளம்பன்றிக்கு. நம்முடையது வேறு குடும்பம், முள் வழவழப்பானது. ஆய்வில் கொக்கியில்லாத ஆப்பிரிக்க முள்ளை ஒப்பீட்டுக்கே வைத்திருந்தார்கள். எந்த இனம் என்று பார்க்காமல் எழுதினால் ஆராய்ச்சியின் மையமே கைநழுவிப் போகும்.

'இயற்கையானது, அதனால் பக்கவிளைவு இல்லை' என்று எழுதுவது இன்னொரு வியாதி. ஹார்வர்டின் வீஸ் நிறுவனத்தில் டேவிட் மூனி குழு, ஸ்லக் எனப்படும் ஓடில்லா நத்தை ஒன்றின் சளியைப் பார்த்து 2017-ல் வலுவான ஒட்டுப்பொருள் செய்தது. ரத்தம் வழியும் பன்றி இதயத்திலும் பிடித்தது. ஆனால் அதில் நத்தையின் சளி ஒரு துளிகூட இல்லை. நேர்மின்னேற்றம் கொண்ட ஒட்டும் அடுக்கு, இழுத்தால் விசையை வாங்கிக்கொள்ளும் மெத்தென்ற அடுக்கு என்ற ஏற்பாட்டைத்தான் எடுத்துக்கொண்டார்கள். மெத்தென்ற அடுக்கில் கடற்பாசியின் ஆல்ஜினேட்டோடு பாலி அக்ரிலமைடு என்ற செயற்கைப் பொருளும் சேர்ந்திருக்கிறது. மற்ற எந்தச் செயற்கைப் பொருளையும் போல இதையும் சோதித்துத்தான் ஆக வேண்டும்.

தலைப்பு போடுகிறவர்கள் கவனிக்க. 2010-ல் டொனால்ட் இங்பர் குழு வெளியிட்டது உடம்பில் பொருத்தும் நுரையீரல் அல்ல, நுரையீரல் சில்லு (சிப்). கட்டைவிரல் அளவுள்ள ஒளி ஊடுருவும் துண்டு. நடுவே துளைகள் கொண்ட மெல்லிய சவ்வு. ஒரு பக்கம் மனித நுரையீரல் செல்கள், மறுபக்கம் ரத்தக்குழாய் செல்கள். பக்கவாட்டில் காற்றை உறிஞ்சி விட்டால் சவ்வு மூச்சு விடுவதுபோல் நீண்டு சுருங்கும். மருந்தையும் நச்சையும் சோதிக்கத்தான் அது. யாருக்கும் பொருத்த முடியாது. 2022 டிசம்பரில் அமெரிக்கச் சட்டம் மாறியபோது 'விலங்குச் சோதனைக்குத் தடை' என்று எழுதினார்கள். தடை எதுவும் இல்லை. புது மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்றிருந்ததைத் தளர்த்தி, சில்லு போன்ற வழிகளுக்கும் இடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

எண்களையும் முழுதாகப் படிக்க வேண்டும். பூச்சியை வழுக்கி விழவைக்கும் குடுவைத் தாவரத்தைப் பார்த்து ஜோனா ஐசன்பெர்க் குழு 2011-ல் ஒரு வழுக்கும் பரப்பைச் செய்தது. அதன் தொடர்ச்சியாக 2014-ல், மருத்துவக் குழாய்களில் ரத்தம் உறையாமல் தடுக்கும் பூச்சு வந்தது. பன்றிகளில், உறைவுத் தடுப்பு மருந்து கொடுக்காமலே, 8 மணி நேரம் குழாய் அடைபடவில்லை. பெரிய சாதனை. ஆனால் உடம்புக்குள் ஆண்டுக்கணக்கில் இருக்க வேண்டிய கருவிக்கு 8 மணி நேரம் தொடக்கம்தான்.

கடைசியாக ஒன்று, இதில் ஆபத்தே இருக்கிறது. 'பல்லியிலிருந்து மருத்துவம்' என்று மொட்டையாக எழுதினால், பல்லியைத் தின்றால் நோய் தீரும் என்று படிக்க ஆள் இருக்கிறார்கள். டோக்கே எய்ட்ஸைக் குணப்படுத்தும் என்ற வதந்தியில் ஆசியாவில் அதைப் பிடித்து விற்கும் வியாபாரமே நடந்தது. ஆதாரம் இல்லை என்று பிலிப்பைன்ஸ் அரசு 2011-ல் எச்சரிக்க வேண்டியிருந்தது. 2019-ல் டோக்கே, பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் பட்டியலில் ஏறியது. கெல்லர் ஆட்டம் குழு மயிரை அளந்தது இதே இனத்துப் பல்லியிடமிருந்துதான்.